வாதாடியதே குறையாகுமா?

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கல்லூரியில் பொருளாதார உதவிப் பேராசிரியர் பணிக்கான தேர்வுக் குழுவில் பாட வல்லுநராக அமர்ந்திருந்தேன். வந்திருந்தவர்களில் ஒருவர் விவசாயத் தொழிலாளர்களின் கூலி குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நிதானமாகவும் தெளிவாகவும் பதில் சொன்னார். அவர் எழுந்து சென்றதும் குழுவிலிருந்த ஒருவர், 'இவர் வந்தால் சங்கம், போராட்டம் என்று எதையாவது தொடங்கிவிடுவாரோ?' என்றார். அடுத்து வந்தவர் தனியார் வங்கிகளின் லாபத்திறன் பற்றி ஆய்வு செய்தவர். அவர் யாருடைய ஆள் என்று எவரும் ஐயப்படவில்லை. வங்கியைப் பற்றி ஆராய்வது வெறும் ஆய்வாகவும், கூலியைப் பற்றி ஆராய்வது ஒரு சார்பாகவும் அந்த அறையில் எடுத்துக்கொள்ளப்பட்டது. நான் அதை மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசாமல் கையொப்பமிட்டுவிட்டு வந்தேன்.

அந்த அறையை எனக்கு மீண்டும் நினைவூட்டியவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்ற அமெரிக்க வழக்குரைஞர். 2022 பிப்ரவரியில் கேடன்ஜி பிரவுன் ஜாக்சனை அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியாக அதிபர் ஜோ பைடன் முன்மொழிந்தபோது, ஜாக்சன் தமது உரையில் ஒரு தற்செயல் ஒற்றுமையைக் குறிப்பிட்டார். மோட்லி பிறந்த அதே செப்டம்பர் 14-ஆம் தேதியில், சரியாக 49 ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் அவர். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றமொன்றில் நீதிபதியாக அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் மோட்லி என்ற செய்தி அன்று நாளேடுகளில் ஓரிரு வரிகளில் வந்து போனது. அவர் பொருளாதாரத்தில் பட்டம் பெற்றவர் என்று எங்கோ படித்ததும் எனக்கு ஆர்வம் கூடியது. அவரது தன்வரலாற்றில் தொடங்கி, கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

1921-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான நெவிஸிலிருந்து குடியேறிய குடும்பத்தில், பன்னிரண்டு குழந்தைகளில் ஒன்பதாவதாகப் பிறந்தார் மோட்லி. புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் அது. அவருடைய தந்தைக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு உண்டு: அங்கே மாணவர் மன்றங்களில் சமையற்காரர். பள்ளிப் படிப்பில் சிறந்து விளங்கியபோதும் மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் வசதி குடும்பத்துக்கு இல்லை. வழக்குரைஞராக வேண்டும் என்ற விருப்பத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். 1930-களின் இறுதியில் ஒரு கறுப்பினப் பெண் அப்படி ஆசைப்படுவது அந்த அளவுக்கு நடைமுறைக்கு ஒவ்வாததாக இருந்தது.

ஒரு நாள் அந்தப் பகுதியின் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் அவர் எழுந்து பேசினார். கறுப்பின மக்களுக்காகக் கட்டப்பட்ட அந்தக் கூடத்துக்கு அவர்கள் ஏன் வருவதில்லை என்பதுதான் விவாதம். நிர்வாகத்தில் எங்கள் மக்களுக்கு இடமில்லை, பிறகு எப்படி வருவார்கள் என்ற கருத்தில் அவர் பேசினார். அந்தக் கூடத்துக்கு நிதி அளித்த கட்டட ஒப்பந்ததாரர் கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ என்ற வெள்ளையர் அவையில் இருந்தார். முகம் சுளிப்பதற்குப் பதிலாக, அந்தப் பெண்ணை அழைத்துப் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார். மனித மூலதனம் பற்றி வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் பேசியவன் நான். ஒருவரிடம் திறமை இருப்பதும் அதில் முதலீடு செய்ய எவரோ முன்வருவதும் சந்தித்துக்கொள்வது எவ்வளவு தற்செயலானது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் என் மாணவர்களுக்குச் சொன்னதில்லை.

மோட்லி 1943-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பட்டமும், 1946-இல் கொலம்பியாவில் சட்டப் பட்டமும் பெற்றார். மாணவியாக இருந்தபோதே, என்.ஏ.ஏ.சி.பி. எனப்படும் கறுப்பின மக்கள் உரிமைச் சங்கத்தின் சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அவரை வேலைக்கு எடுத்தவர், பின்னாளில் உச்சநீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல். பெரிய சட்ட நிறுவனங்களின் வாயில்கள் மோட்லியைப் போன்றவர்களுக்கு மூடியிருந்த காலம் அது. எனவே அவர் எந்தத் தரப்புக்காக வாதாடினார் என்பதைப் பின்னாளில் குறை கூறியவர்கள், வேறு எந்தத் தரப்பு அவருக்கு வேலை கொடுத்திருக்கும் என்பதையும் சேர்த்தே யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த இருபது ஆண்டுகள் அவர் செய்த பணியை ஒரு பத்தியில் அடக்குவது கடினம். பள்ளிகளில் இனப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என்று 1954-இல் உச்சநீதிமன்றம் அறிவித்த பிரவுன் வழக்கின் மூல மனுவை வரைந்தவர் அவர். கறுப்பின ஆசிரியர்களுக்கு, அதே வேலைக்கு வெள்ளை ஆசிரியர்களைவிடக் குறைந்த ஊதியம் கொடுக்கப்பட்டதை எதிர்த்து மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் 1949-இலேயே வாதாடினார். 1961-இல் இரண்டு கறுப்பின மாணவர்கள் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது அவர் நடத்திய வழக்கின் விளைவு. 1963-இல் பர்மிங்ஹாம் நகரில் மார்ட்டின் லூதர் கிங் நடத்திய போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகள் வெளியேற்றப்பட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று அவர்களைத் திரும்பச் சேர்க்க வைத்தவர்களில் முதன்மையானவர் மோட்லி.

ஆனால், இந்தக் கட்டுரைக்கு மிகவும் வேண்டியது மிசிசிப்பிப் பல்கலைக்கழக வழக்கு. விமானப் படையில் பணியாற்றித் திரும்பிய ஜேம்ஸ் மெரிடித், கறுப்பினத்தவரை ஒருபோதும் சேர்க்காத அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர 1961-இல் விண்ணப்பித்தார். வழக்கை நடத்தும் பொறுப்பு மோட்லியிடம் வந்தது. பதினாறு மாத காலத்தில் அவர் மீண்டும் மீண்டும் மிசிசிப்பிக்குப் பயணம் செய்தார். தங்க விடுதி கிடைக்காது, உண்ண உணவகம் கிடைக்காது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்குரைஞருக்கு அவரைத் 'திருமதி மோட்லி' என்று விளிக்க நா எழவில்லை. விசாரணை நீதிபதி, அந்தப் பல்கலைக்கழகத்தில் இனப் பாகுபாடே இல்லை என்று தீர்ப்பளித்தார்! ஒரு கறுப்பின மாணவர்கூட இல்லாத நிறுவனத்தைப் பற்றிய தீர்ப்பு அது. மேல்முறையீட்டில் அது கவிழ்க்கப்பட்டது. 1962 செப்டம்பர் 30 இரவு பல்கலைக்கழக வளாகத்தில் மூண்ட கலவரத்தில் இருவர் உயிரிழந்தனர். மறுநாள் காலை, கூட்டாட்சிப் படையினரின் பாதுகாப்புடன் மெரிடித் மாணவராகப் பதிவு செய்தார். மிசிசிப்பியில் மோட்லிக்குத் துணையாக நின்ற மெட்கர் எவர்ஸ், அடுத்த ஆண்டு ஜூனில் தமது வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் வாதாடிய முதல் கறுப்பினப் பெண்ணும் மோட்லிதான். 1961 முதல் அங்கே அவர் வாதாடிய பத்து வழக்குகளில் ஒன்பதில் வென்றார். தோற்ற அந்த ஒரு வழக்கைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். இத்தனைக்கும், 1961-இல் தர்குட் மார்ஷல் நீதிபதியாகச் சென்றபோது நிதியத்தின் தலைமைப் பொறுப்பு மோட்லிக்குக் கிடைக்கவில்லை. ஜாக் கிரீன்பெர்க் என்ற சக வழக்குரைஞரையே மார்ஷல் தேர்ந்தெடுத்தார். சொந்த இயக்கத்துக்குள்ளும் பெண் என்பது ஒரு தடையாக இருந்ததை மோட்லி மறைக்காமல் எழுதியிருக்கிறார். பின்னர் 1964-இல் நியூயார்க் மாநில மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு அடுத்த ஆண்டு மன்ஹாட்டன் பகுதித் தலைவரானார். இரண்டு இடங்களிலும் அவர் முதல்வர்: மாநில மேலவையில் முதல் கறுப்பினப் பெண், மன்ஹாட்டன் பொறுப்பில் முதல் பெண்.

1966 ஜனவரியில், நியூயார்க் தென் மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு அவரது பெயரை அதிபர் லிண்டன் ஜான்சன் முன்மொழிந்தார். இந்த இடத்தில் அமெரிக்க நடைமுறையைச் சற்று விளக்க வேண்டும்.

அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் வேறு, கூட்டாட்சி நீதிமன்றங்கள் வேறு. மாநிலங்கள் பலவற்றில் நீதிபதிகள் தேர்தலில் நின்று வாக்குக் கேட்பதுண்டு. கூட்டாட்சி நீதிமன்றங்களில் மாவட்ட நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என மூன்று அடுக்குகள். மாவட்ட நீதிமன்றம் என்ற பெயரைக் கண்டு நமது மாவட்ட நீதிமன்றத்தோடு ஒப்பிட்டுவிடக் கூடாது. நாடு முழுவதற்கும் இன்று 94 மாவட்ட நீதிமன்றங்கள்தாம். ஒரு மாநிலத்தின் சட்டத்தையே செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் அவற்றுக்கு உண்டு. இந்த நீதிபதிகளை அதிபர் முன்மொழிய வேண்டும், செனட் எனப்படும் மேலவை ஒப்புதல் அளிக்க வேண்டும். நம் நாட்டில் உள்ளதுபோல் நீதிபதிகளே நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் கொலீஜியம் ஏற்பாடு அங்கில்லை. ஒப்புதல் கிடைத்துவிட்டால் பதவி வாழ்நாளுக்குரியது. ஓய்வு வயது என்று ஒன்று இல்லை. பதவியிலிருக்கும் வரை ஊதியத்தைக் குறைக்கவும் முடியாது. நீக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவர வேண்டும்.

பதவி இவ்வளவு உறுதியானது என்பதாலேயே வாசற்படியில் சோதனை கடுமையாக இருக்கிறது. முன்மொழியப்பட்ட பெயர் முதலில் செனட்டின் நீதித்துறைக் குழுவுக்குச் செல்லும். அங்கே விசாரணை நடக்கும். அதன் பிறகே முழு அவைக்கு வரும். குழுவின் தலைவர் விரும்பாவிட்டால் ஒரு பெயரை எதிர்த்து வாக்களிக்கக்கூடத் தேவையில்லை. நிகழ்ச்சி நிரலில் சேர்க்காமல் இருந்தாலே போதும். எந்த அமைப்பிலும் உண்மையான அதிகாரம் முடிவெடுப்பவரிடம் இருப்பதைவிட, எதை எப்போது முடிவுக்கு எடுத்துக்கொள்வது என்று தீர்மானிப்பவரிடம்தான் அதிகம் இருக்கும். பல்கலைக்கழகக் குழுக்களில் அமர்ந்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

1966-இல் அந்தக் குழுவின் தலைவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட். மிசிசிப்பி மாநிலத்தின் செனட்டர். ஆயிரக்கணக்கான ஏக்கர் பருத்திப் பண்ணைக்குச் சொந்தக்காரர். இனப் பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்தவர். அதாவது, எந்த மாநிலத்தை மோட்லி நீதிமன்றத்தில் தோற்கடித்தாரோ, அந்த மாநிலத்தின் செனட்டரிடம்தான் அவரது பெயர் பரிசீலனைக்குச் சென்றது. ஒரு வழக்கில் தோற்ற தரப்பே, வென்ற வழக்குரைஞர் நீதிபதியாகத் தகுதியுடையவரா என்று தீர்மானிக்கும் இடத்தில் அமர்ந்திருந்தது.

ஈஸ்ட்லாண்ட் ஏழு மாதங்கள் இழுத்தடித்தார். மோட்லிக்குக் கம்யூனிஸ்டுகளோடு இளமைக்காலத் தொடர்பு இருந்ததாகக் குற்றம் சாட்டினார். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒருவரை வீழ்த்த அதைவிடக் கூர்மையான ஆயுதம் இல்லை. மோட்லி அதை மறுத்தார். நியூயார்க் மாநிலத்தின் செனட்டர்களான ராபர்ட் கென்னடியும் ஜேக்கப் ஜாவிட்ஸும் அவருக்கு ஆதரவாக நின்றனர். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. கடைசியில் 1966 ஆகஸ்ட் 30 அன்று செனட் ஒப்புதல் அளித்தது. உண்மையில், மார்ஷல் விட்டுச்சென்ற மேல்முறையீட்டு நீதிமன்ற இடத்துக்கே மோட்லியை அனுப்ப ஜான்சன் எண்ணியிருந்தார். எதிர்ப்பைக் கருதி ஒரு படி கீழிறங்கி மாவட்ட நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். இது மோட்லியின் தன்வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது.

இதோடு ஒப்பிட வேண்டிய இன்னொரு நியமனம் உண்டு. 1961 ஜூனில், மிசிசிப்பி தென் மாவட்ட நீதிமன்றத்துக்கு ஹெரால்டு காக்ஸ் என்ற வழக்குரைஞரை அதிபர் கென்னடி முன்மொழிந்தார். காக்ஸ் ஈஸ்ட்லாண்டின் கல்லூரிக் கால நண்பர். அமெரிக்க வழக்குரைஞர் சங்கத்தின் குழு அவருக்கு 'மிகச் சிறப்பான தகுதியுடையவர்' என்ற உச்ச மதிப்பீட்டை வழங்கியது. முன்மொழிந்த அதே மாதத்தில் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. அவருடைய பழைய கட்சிக்காரர்கள் யார், அவர்களால் அவருக்கு என்ன சார்பு ஏற்பட்டிருக்கும் என்று எவரும் துருவவில்லை. நீதிபதியான மூன்றாம் ஆண்டில், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வந்த கறுப்பின மக்களை நீதிமன்றத்திலேயே விலங்குகளோடு ஒப்பிட்டு இழிவாகப் பேசினார் இந்தச் 'சிறப்பான தகுதியாளர்'.

நியாயத்துக்காக மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1964-இல் மூன்று உரிமைப் போராளிகள் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட வழக்கு 1967-இல் இதே காக்ஸ் முன்னிலையில்தான் நடந்தது. அந்த வழக்கில் வெள்ளையர்களைக் கொண்ட நடுவர் குழு ஏழு பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. காக்ஸ் அவர்களைச் சிறைக்கு அனுப்பினார். தண்டனை குறைவு என்ற விமர்சனம் உண்டு. எனினும், ஒருவரின் பழைய சார்பைக் கொண்டு அவர் தரப்போகும் தீர்ப்பை முன்கூட்டியே கணித்துவிட முடியாது என்பதற்கு அவரும் ஓர் எடுத்துக்காட்டு.

வழக்குரைஞர் என்பவர் கட்சிக்காரரின் குரல்; அவருடைய கருத்து தம்முடைய கருத்தல்ல. இது சட்டத் தொழிலின் அரிச்சுவடி. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுபவரைக் கொலையின் ஆதரவாளர் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் நீதிபதிப் பதவிக்குப் பெயர் பரிந்துரைக்கப்படும்போது மட்டும் இந்த அரிச்சுவடி சிலருக்குப் பொருந்துகிறது, சிலருக்குப் பொருந்தாமல் போகிறது. ரயில்வே நிறுவனங்களுக்காகவும் வங்கிகளுக்காகவும் முப்பது ஆண்டுகள் வாதாடியவர் 'அனுபவம் மிக்கவர்'. தொழிலாளர்களுக்காகவோ ஒடுக்கப்பட்டவர்களுக்காகவோ வாதாடியவர் 'இயக்கவாதி'.

இது மோட்லியோடு தொடங்கியதன்று. 1916 ஜனவரியில் லூயி பிராண்டைஸ் உச்சநீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டபோதும் இதுவே நடந்தது. எங்கள் துறையினருக்கு அவர்மீது தனி மதிப்பு உண்டு: பெண் தொழிலாளர்களின் வேலை நேரம் குறித்த 1908-ஆம் ஆண்டு வழக்கில், சட்ட மேற்கோள்களைச் சில பக்கங்களோடு நிறுத்திக்கொண்டு, நூறு பக்கங்களுக்கும் மேலாகத் தொழிற்சாலை நிலைமை பற்றிய தரவுகளை நீதிமன்றத்தின் முன் வைத்தவர் அவர். நீதிமன்றத்துக்குள் பொருளியல் ஆய்வு முறையாக நுழைந்தது அப்போதுதான். ரயில்வே, காப்பீட்டு நிறுவனங்களை எதிர்த்துப் பொதுமக்கள் சார்பில் வாதாடியதற்காக அவர் நடுநிலையற்றவர் என்றார்கள். முன்னாள் அதிபர் டாஃப்ட் உள்பட வழக்குரைஞர் சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் பலர் அவருக்கு எதிராகக் கையெழுத்திட்டனர். அவர் யூதர் என்பதும் வெளியே சொல்லப்படாத காரணம். நான்கு மாத இழுபறிக்குப் பின் 47-க்கு 22 என்ற வாக்கில் ஒப்புதல் கிடைத்தது.

எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நம் திருநெல்வேலிப் பகுதியின் மேலத்திருவேங்கடநாதபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட ஸ்ரீ சீனிவாசனைப் பலரும் அறிவார்கள். சண்டீகரில் பிறந்து, கணிதப் பேராசிரியரான தந்தையோடு சிறுவயதிலேயே அமெரிக்கா சென்றவர். அரசு வழக்குரைஞராகவும், தனியார் சட்ட நிறுவனத்தின் பங்குதாரராகவும் மாறி மாறிப் பணியாற்றினார். தனியார் பணியில் எக்ஸான் மொபில், ரியோ டின்டோ போன்ற பெருநிறுவனங்களுக்காக வாதாடியிருக்கிறார். 2012-இல் அதிபர் ஒபாமா அவரை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தபோது, அந்தக் கட்சிக்காரர்களைச் சுட்டிச் சில தரப்பினர் ஐயம் எழுப்பினார்கள். ஆனால் அது எடுபடவில்லை. 2013 மே மாதம் 97-க்கு 0 என்ற வாக்கில் செனட் ஒப்புதல் அளித்தது. அவர் திறமையாளர் என்பதில் இரு கருத்தில்லை. அந்த முடிவு சரியானது என்றே நானும் கருதுகிறேன். கட்சிக்காரரை வைத்து வழக்குரைஞரை எடைபோடக் கூடாது என்ற நெறி அவருக்குக் கிடைத்தது. அதே நெறி மோட்லிக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்கு மோட்லியே நீதிபதியின் இருக்கையிலிருந்து பதில் சொல்லும் வாய்ப்பு 1975-இல் வந்தது. வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண் வழக்குரைஞர்களுக்குப் பாகுபாடு காட்டுவதாக, நியூயார்க்கின் புகழ்பெற்ற சட்ட நிறுவனமான சல்லிவன் அண்டு கிராம்வெல் மீது தொடுக்கப்பட்ட வழக்கு அவர் முன் வந்தது. அவர் விலகிக்கொள்ள வேண்டும் என்று நிறுவனம் மனு செய்தது. அவர் ஒரு பெண். உரிமை வழக்குகளை நடத்தியவர். எனவே பாகுபாட்டுக்கு ஆளானவர்களின் பக்கமே சாய்வார் என்பது வாதம்.

மோட்லி விலக மறுத்தார். அவருடைய உத்தரவின் சாரம் இதுதான்: பாலினமும் இனமும் முந்தைய தொழில் பின்னணியும் மட்டுமே ஒரு நீதிபதி விலகப் போதுமான காரணங்கள் என்றால், இந்த நீதிமன்றத்தில் எவருமே இந்த வழக்கை விசாரிக்க முடியாது. ஏனென்றால், அனைவரும் ஏதோ ஒரு பாலினத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலர் பெரும் சட்ட நிறுவனங்களிலிருந்தோ அரசுப் பணியிலிருந்தோ வந்தவர்கள்.

முதன்முறை படித்தபோது இதை ஒரு சாமர்த்தியமான பதிலாகவே எடுத்துக்கொண்டேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் அதன் ஆழம் விளங்கியது. ஆண் நீதிபதி ஒருவர் அந்த வழக்கை விசாரித்திருந்தால், 'நீங்கள் ஆண். நிறுவனத்தின் பக்கம் சாய்வீர்கள்' என்று எவரும் மனு செய்திருக்க மாட்டார்கள். அவருடைய பின்னணி ஒரு பின்னணியாகவே கண்ணில் படாது. வங்கி ஆய்வு செய்தவரின் பின்னணி எங்கள் கண்ணில் படாததைப்போல. விலகல் மனுவை எதிர்த்த மேல்முறையீட்டு முயற்சியும் பலனளிக்கவில்லை. பின்னர் அந்த நிறுவனம் சமரசத்துக்கு உடன்பட்டு, பெண்களை வேலைக்கு எடுக்கும் முறையை மாற்றிக்கொண்டது.

அவர் எல்லா உரிமை வழக்குகளிலும் வழக்குத் தொடுத்தவர்களுக்கே வெற்றி தந்தார் என்று எண்ண வேண்டாம். சான்று போதாதபோது தள்ளுபடி செய்தார். அவரைத் தங்கள் ஆளாக எதிர்பார்த்துவந்த சிலர் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். கைதி ஒருவரை ஓராண்டுக்கும் மேலாகத் தனிமைச் சிறையில் அடைத்தது கொடுமை என்று 1970-இல் அவர் அளித்த தீர்ப்பின் ஒரு பகுதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது. 1978-இல், விளையாட்டு வீரர்களின் உடைமாற்று அறையில் பேட்டி எடுக்க ஆண் செய்தியாளர்களை அனுமதித்துவிட்டுப் பெண் செய்தியாளரைத் தடுப்பது தவறு என்று அவர் தீர்ப்பளித்தபோது நாடெங்கும் கேலியும் எழுந்தது, பாராட்டும் வந்தது. மற்றபடி அவர் முன் வந்தவை பெரும்பாலும் ஒப்பந்தங்கள், பங்கு வணிகம், பதிப்புரிமை என எந்த நியூயார்க் நீதிபதிக்கும் வரக்கூடிய வழக்குகளே. 1982-இல் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார்.

மேலே குறிப்பிட்ட கேடன்ஜி பிரவுன் ஜாக்சனுக்கும் இதே கேள்வி காத்திருந்தது. வழக்குரைஞர் வைக்க வசதியற்றவர்களுக்காக அரசு ஊதியத்தில் வாதாடும் பொதுப் பாதுகாப்பு வழக்குரைஞராக அவர் பணியாற்றியவர். குவாண்டனாமோ கைதிகள் சிலருக்காகவும் வாதாடியிருந்தார். 2022 மார்ச்சில் நடந்த செனட் விசாரணையில் அந்தக் கட்சிக்காரர்களின் பெயர்களே அவருக்கு எதிராக எடுத்துக்காட்டப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் வழக்குரைஞர் துணை உண்டு என்பது அந்நாட்டு அரசமைப்பே தரும் உரிமை. அந்த உரிமையை நடைமுறைப்படுத்திய பணி அங்கே விளக்கம் தர வேண்டிய ஒன்றாயிற்று. அதற்கு முன்பு உச்சநீதிமன்றத்தில் அமர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட நீதிபதிகளில் ஒருவர்கூடப் பொதுப் பாதுகாப்பு வழக்குரைஞராக இருந்தவரில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 53-க்கு 47 என்ற வாக்கில் அவருக்கு ஒப்புதல் கிடைத்தது.

மோட்லி உச்சநீதிமன்றத்தில் தோற்ற அந்த ஒரு வழக்கைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். அது 1965-இல் முடிந்த ஸ்வெயின் வழக்கு. அலபாமா மாநிலத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கறுப்பின இளைஞருக்காக அவர் வாதாடினார். அந்த இளைஞரை விசாரித்த நடுவர் குழுவிலிருந்து, காரணம் ஏதும் சொல்லாமல் நீக்கும் உரிமையைப் பயன்படுத்திக் கறுப்பினத்தவர் ஒவ்வொருவரையும் அரசுத் தரப்பு அகற்றிவிட்டது. கறுப்பினத்தவர் நடுநிலையோடு தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள் என்பது சொல்லப்படாத காரணம். அரசுத் தரப்பின் செயலில் குறுக்கிட உச்சநீதிமன்றம் மறுத்தது. அடுத்த ஆண்டு ஏறத்தாழ அதே காரணம் மோட்லிக்கு எதிராகவே செனட் குழுவில் திரும்பியது. 1986 ஏப்ரலில் பேட்சன் வழக்கில் உச்சநீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. இனத்தைக் காரணமாக வைத்து நடுவர்களை நீக்குவது செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் மோட்லி, ஈஸ்ட்லாண்ட் தர மறுத்த அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தார்.